வெளிச்சம் எங்கிருந்து வருகிறது?

தங்கம் வாங்கப் போகிற தாய்மார்கள் 916 முத்திரை எங்கே என்று கேட்காமல் பணப்பையைத் திறப்பதில்லை. அரிசி வாங்குகிறவர் மூட்டைக்குள் கைவிட்டு நாலு மணியை எடுத்துக் கடித்துப் பார்த்து, பழசா புதுசா என்று தெரிந்துகொண்ட பிறகே விலை பேசுகிறார். வேட்டி வாங்குகிறவர் அதை வெளிச்சத்தில் பிடித்து நெசவின் நெருக்கத்தைப் பார்க்கிறார். ஏமாற மறுக்கிற மக்கள்தான் நம் மக்கள். ஆனால் அதே மக்கள், இருபத்தைந்தாயிரம் முப்பதாயிரம் என்று கொட்டிக் கொடுத்துத் தொலைக்காட்சிப் பெட்டி வாங்கப் போகும்போது மட்டும், அட்டைப்பெட்டியின் மேலுள்ள கொட்டை எழுத்தைப் பார்த்துவிட்டு, “இதையே கட்டுங்கள்” என்று சொல்லிவிடுகிறார்களே, ஏன்?

அறியாமை என்று நாம் சொல்ல மாட்டோம். அறியவிடாமை என்றுதான் சொல்வோம்!

சென்ற மாதம் நண்பர் ஒருவர் நம்மைக் காண வந்தார். விசைத்தறிக் கூடத்தில் வேலை. பத்து மாதத் தவணையில் புதிய பெட்டி ஒன்று வாங்கியிருந்தார். “கியூ.எல்.இ.டி. வாங்கினேன். ஓ.எல்.இ.டி.தான் விலை அதிகமாம்; இதுவும் அதுவும் ஏறக்குறைய ஒன்றுதான் என்று கடையில் சொன்னார்கள்” என்றார். ஆனால் முகத்தில் மலர்ச்சி இல்லை. “இரவில் விளக்கை அணைத்துவிட்டுப் படம் பார்த்தால், இருட்டுக் காட்சியெல்லாம் சாம்பல் பூத்ததுபோல் தெரிகிறது. பெட்டி பழுதோ?” என்று கேட்டார்.

பெட்டியில் பழுதில்லை, தோழர்களே. பெயரில்தான் பழுது!

இந்தப் பெயர்க் காட்டுக்குள் வழி கண்டுபிடிக்கப் பொறியியல் பட்டம் வேண்டியதில்லை. ஒரே ஒரு கேள்வியைக் கையில் எடுத்துக்கொண்டு போனால் போதும்: “இந்தப் பெட்டியில் வெளிச்சம் எங்கிருந்து வருகிறது?”

பழைய கதையிலிருந்து தொடங்குவோம். 2006-ஆம் ஆண்டு கலைஞர் தலைமையில் அமைந்த அரசு, தமிழ்நாட்டின் எளியோர் வீடுகளுக்கு 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சி வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது நினைவிருக்கும். கேலி பேசியவர்களும் உண்டு. அந்தப் பெட்டிமுன் உட்கார்ந்து முதன்முதலாகத் தம் சொந்த வீட்டிலேயே செய்தி கேட்டவர்களும் உண்டு. பின்புறம் புடைத்துக்கொண்டிருந்த அந்தப் பெட்டிக்குள் இருந்தது, 1897-இல் ஜெர்மானிய அறிஞர் ஃபெர்டினாண்ட் பிரவுன் உருவாக்கிய குழாயின் வழிவந்த கண்ணாடிக் குழாய். மின்னணுக் கதிர் பாய்ந்து திரையின் உட்பூச்சில் மோதியது. மோதிய இடம் தானே ஒளிர்ந்தது. கதிர் படாத இடம் இருண்டது. அதாவது, வெளிச்சம் திரையிலேயே பிறந்தது.

அந்தக் குழாய்க்குப் பின் வந்ததுதான் எல்.சி.டி. என்னும் திரவப் படிகத் திரை. 1888-இல் ஆஸ்திரிய நாட்டுத் தாவரவியலார் ஃபிரெடரிக் ரைனிட்சர், கேரட்டிலிருந்து கிடைத்த பொருளை ஆராயும்போது, நீர்போல் ஓடியும் படிகம்போல் அடுக்குற்றும் இருக்கும் விந்தையைக் கண்டார். அந்த விந்தைதான் இன்று நம் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. திரவப் படிகம் ஒளி தருவதில்லை. பின்னாலிருந்து வரும் ஒளியை விடும், அல்லது தடுக்கும். அது கதவு; விளக்கு அன்று. எவ்வளவு இறுகச் சாத்தினாலும் கதவிடுக்கில் சற்று வெளிச்சம் கசியத்தான் செய்யும். அந்தக் கசிவுதான் நம் நண்பர் கண்ட சாம்பல்!

அப்படியானால் எல்.இ.டி. தொலைக்காட்சி என்கிறார்களே, அது என்ன? அதுவும் இதேதான்! முன்பு திரவப் படிகத் திரைக்குப் பின்னால் மெல்லிய குழல் விளக்குகளை வைத்தார்கள். பிறகு அவற்றை எடுத்துவிட்டு எல்.இ.டி. விளக்குகளை வைத்தார்கள். வீட்டில் பல்பை மாற்றியவன் வீட்டுக்கே புதுப்பெயர் சூட்டியதுபோல, விளக்கை மாற்றியவர்கள் பெட்டிக்கே புதுப்பெயர் சூட்டிவிட்டார்கள். அந்த விளக்கின் பெருமையை நாம் மறைக்கவில்லை. அதற்கு வழி திறந்த நீல எல்.இ.டி.யைக் கண்டதற்காக அகாசாகி, அமானோ, நகமுரா ஆகிய மூவருக்கும் 2014-ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. பெட்டி மெலிந்தது, மின்செலவு குறைந்தது. எல்லாம் உண்மை. ஆனால் கதவு அதே கதவு!

கியூ.எல்.இ.டி.யோ? பின்விளக்குக்கும் கதவுக்கும் இடையே, குவாண்டம் புள்ளிகள் எனும் மிகமிக நுண்ணிய படிகத் துகள்கள் பதித்த ஒரு படலத்தைச் சேர்க்கிறார்கள். துகளின் பருமனுக்கேற்ப அது உமிழும் நிறம் மாறும். பெரிய கண்டுபிடிப்புத்தான், பவெண்டி, புரூஸ், எகிமோவ் என்ற மூன்று அறிஞர்கள் 2023-இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றது இதற்காகத்தான். சிவப்பும் பச்சையும் இதனால் தூய்மை பெறுகின்றன. ஆனால் வெளிச்சம்? அதே பின்விளக்கிலிருந்துதான்!

ஓ.எல்.இ.டி. மட்டுமே வேறு சாதி. கோடாக் நிறுவனத்தில் பணியாற்றிய சிங் டாங், ஸ்டீவன் வான் ஸ்லைக் ஆகிய இருவரும் 1987-இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வளர்ந்தது இது. இங்கே பின்விளக்கு இல்லை, கதவும் இல்லை. ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும். வேண்டாதபோது தானே அணையும். கறுப்பு என்றால் கறுப்புத்தான். ஆங்கிலத்தில் ஓ என்ற எழுத்துக்கும் கியூ என்ற எழுத்துக்கும் வேற்றுமை ஒரு சிறிய வால். அந்த வாலைக் காட்டித்தான் “ஏறக்குறைய ஒன்றுதான்” என்று நம் நண்பரிடம் சொல்லியிருக்கிறார்கள்!

ஓ.எல்.இ.டி.யிலும் குறை உண்டு என்பதைச் சொல்லாமல் விட்டால் நாமும் வியாபாரியாகிவிடுவோம். வெயில் நேரே விழும் கூடத்தில் நல்ல பின்விளக்குப் பெட்டியைப்போல் அது பளிச்சிடுவதில்லை. அசையாத உருவத்தை நெடுநேரம் காட்டினால் அதன் சுவடு திரையில் தங்கிவிடவும் கூடும். காலையில் எழுந்ததும் செய்தி ஓடவிட்டு, படுக்கப் போகும்போதுதான் நிறுத்தும் தோழர்கள் நம்மில் எத்தனை பேர்! திரையின் மூலையில் நிற்கும் அந்த அலைவரிசையின் சின்னம், நாளடைவில் நிலையான குடித்தனக்காரராகிவிடும். அத்தகையவர்களுக்கு ‘மினி எல்.இ.டி.’ பொருந்தலாம். அதில் பின்விளக்கைச் சிறுசிறு பகுதிகளாகப் பிரித்து, இருட்டான இடத்தில் மட்டும் ஒளியைத் தாழ்த்துகிறார்கள். எத்தனை பகுதி என்று கேளுங்கள். பகுதி கூடினால் கசிவு குறையும்.

அடுத்து, 4கே என்ற மந்திரம். 4கே திரையில் 82,94,400 புள்ளிகள், முழு எச்.டி. திரையில் 20,73,600 புள்ளிகள். நான்கு மடங்கு! கேட்கவே இனிக்கிறது. ஆனால் அதற்குள் என்ன வருகிறது? கேபிள் வழியே வரும் சாதாரணத் தரப் படத்தில் இருப்பவை 720-க்கு 576, அதாவது 4,14,720 புள்ளிகளே. ஒரு புள்ளியை இழுத்து இருபது புள்ளியாக்க வேண்டும். ஒருபடி மாவில் இருபதுபடி மாவுக்குத் தோசை சுடச் சொன்னால் எந்தத் தாய்தான் சுடுவாள்?

கண்ணுக்கும் ஓர் எல்லை உண்டு. நல்ல பார்வை என்பது ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கைப் பிரித்தறியும் பார்வை. கணக்கிட்டுப் பார்த்தால், 43 அங்குல முழு எச்.டி. திரையின் புள்ளிகள் ஏறத்தாழ ஐந்தரை அடிக்கு அப்பால் தனித்தனியே தெரியா. 65 அங்குலத் திரைக்கு அந்தத் தொலைவு எட்டரை அடி. எட்டடி தள்ளிப் பாய் விரித்து உட்காரும் குடும்பத்துக்கு, 43 அங்குலத் திரையில் நான்கு மடங்குப் புள்ளிகளால் வரும் பயன் மிகச் சிறிது. 4கே கூடாது என்று நாம் கூறவில்லை. அதற்கென்று தனி விலை கொடுப்பதைவிட, அந்தப் பணத்தை நல்ல ஒளிக்குக் கொடுங்கள் என்கிறோம்.

எச்.டி.ஆர். என்ற மூன்றெழுத்தும் அப்படித்தான். அத்தகைய படங்களை 1,000 நிட் ஒளியளவோ அதற்கு மேலோ வைத்து உருவாக்குவது வழக்கம். மலிவுப் பெட்டிகள் பல 250, 300 நிட் அளவிலேயே மூச்சு வாங்குகின்றன. எச்.டி.ஆர். படத்தை அவை ஏற்றுக்கொள்ளும். ஆனால் அதன் ஒளியைக் காட்டும் வலு அவற்றுக்கு இல்லை. அழைப்பிதழ் வந்துவிட்டது, பந்தியில் இலை இல்லை என்ற கதைதான்!

“இதெல்லாம் எதற்கையா? கடையில் கண்ணால் பார்க்கிறோம், கண்ணுக்குப் பிடித்ததை வாங்குகிறோம்” என்பார் சிலர். நியாயமான பேச்சாகத்தான் தோன்றும். ஆனால் கடையில் நாம் காண்பது எது? கூரை முழுவதும் விளக்கு எரிகிறது. அந்த வெளிச்சத்தில் சாம்பலும் கறுப்பாகவே தெரியும். ஓடுவதோ அதற்கென்றே எடுத்த மலரும் மீனும் மலையருவியும். பெட்டியை வைத்திருப்பதோ ‘விவிட்’ என்ற மிகைநிற முறையில். வெள்ளை நீலமாகிறது, மனித முகம் மெழுகுப் பொம்மையாகிறது. அசைவை வழவழப்பாக்கும் பொறியும் சேர்ந்துவிட்டால், திரைப்படம் தொலைக்காட்சித் தொடர்போல் ஆகிவிடுகிறது. ஹாலிவுட் நடிகர் டாம் குரூஸ் 2018-இல் தாமே தோன்றி, அந்தப் பொறியை அணைத்துவிடுங்கள் என்று மக்களைக் கேட்டுக்கொள்ளும் அளவுக்குப் போயிற்று! 2019-இல் ‘ஃபிலிம்மேக்கர் மோட்’ என்ற முறையும் அறிவிக்கப்பட்டது. இயக்குநர் எடுத்தபடியே படத்தைக் காட்ட ஒரு தனிப் பொத்தான் தேவைப்படுகிறது என்றால், மற்ற நேரத்தில் நாம் காண்பது எது?

எனவேதான் கூறுகிறோம்: குறை வாங்குகிறவனிடம் இல்லை. வாங்குகிறவனுக்கு வேண்டிய செய்தி அட்டைப்பெட்டியில் இல்லை.

2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பொருளின் தரம், அளவு, விலை ஆகியவற்றை அறிந்துகொள்ளும் உரிமையை வாங்குகிறவனுக்கு அளித்திருக்கிறது. மின்செலவைக் காட்ட நட்சத்திர முத்திரை இருக்கிறது. நகைக்கு முத்திரை கட்டாயம் என்று 2021-இல் ஆணையிட முடிந்தது. தொலைக்காட்சிக்கு மட்டும் ஏன் முடியாது? ஐந்தே ஐந்து செய்தி போதும். ஒளி பின்விளக்கிலிருந்து வருகிறதா, திரையிலேயே பிறக்கிறதா? பின்விளக்கானால் எத்தனை பகுதி? ஒளியளவு எத்தனை நிட்? திரை ஒரு நொடிக்கு உண்மையாக எத்தனை முறை புதுப்பிக்கிறது, 60 முறையா 120 முறையா? எத்தனை ஆண்டுகளுக்கு மென்பொருள் புதுப்பித்துத் தருவார்கள்? இந்த ஐந்தையும் தமிழ்நாட்டில் விற்கும் பெட்டியின் முகப்பில், படிக்கக்கூடிய எழுத்தில், தமிழில் அச்சிட வேண்டும். அச்சிட மறுப்பதற்குக் காரணம் இருந்தால் அந்தக் காரணத்தையாவது சொல்லட்டும்!

2025 செப்டம்பர் 22 முதல், 32 அங்குலத்துக்கு மேற்பட்ட தொலைக்காட்சிகளுக்குச் சரக்கு சேவை வரி 28 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாகக் குறைந்திருக்கிறது. பெரிய திரைமேல் ஆசை பிறப்பது இயல்பு. ஆசைப்படுவது குற்றமும் அன்று. உழைத்தவன் வீட்டில் நல்ல படம் தெரியட்டும். ஆனால் குறைந்த வரியின் பயன் வாங்குகிறவன் கைக்கு வர வேண்டுமே தவிர, வெறும் பெயருக்கு விலையாகிப் போகக்கூடாது. “வட்டியில்லாத் தவணை” என்றால், ரொக்கம் கொடுத்தால் எவ்வளவு குறைப்பீர்கள் என்று கேளுங்கள். குறைக்கிற தொகைதான் ஒளிந்திருக்கும் வட்டி.

நம் நண்பருக்கு என்ன சொன்னோம்? மிகைநிற முறையை விட்டுச் ‘சினிமா’ முறைக்கு மாற்றச் சொன்னோம். இரவில் அறையை முழுவதும் இருட்டாக்காமல், பெட்டிக்குப் பின்னால் சுவரில் படும்படி ஒரு சிறு விளக்கு வைக்கச் சொன்னோம். சுவரில் சற்று வெளிச்சம் இருந்தால் கண்ணுக்குச் சாம்பல் கறுப்பாகத் தோன்றும். மறுவாரம் வந்தார். “இப்போது பரவாயில்லை” என்றார். பிறகு சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டு, “இந்தக் கேள்வியைக் கடைக்குப் போகுமுன் யாராவது சொல்லியிருந்தால், அந்த ஐயாயிரம் மிஞ்சியிருக்குமே” என்றார்.

ஐயாயிரம் ரூபாய்! எத்தனை நாள் தறிச் சத்தத்துக்கு நடுவே நின்று சேர்த்த பணம் அது!

அவருக்குப் பிந்தியது உங்களுக்கு முந்தட்டும். கடைக்குள் நுழைந்ததும், கொட்டை எழுத்தைப் படிக்குமுன், விற்பவரை நேராகப் பார்த்துக் கேளுங்கள்: “வெளிச்சம் எங்கிருந்து வருகிறது?” அவர் விடை சொன்னால் மேலே பேசுங்கள். விழித்தால், அடுத்த கடைக்கு நடங்கள்!