இறங்கும் கோடு சொல்லும் பாடம்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., வேதியியல்)

இரவில் சதுப்பு நிலத்தில் தோன்றும் வெளிச்சத்தைக் கொள்ளிவாய்ப் பிசாசு என்று நம் பெரியவர்கள் அஞ்சினர். சேற்றில் மட்கும் பொருள்களிலிருந்து எழும் மீத்தேன் எரிவதே அது என்று அறிவியல் விளக்கம் கூறியது. பிசாசு ஓடிவிட்டது, வாயு ஓடவில்லை! 100 ஆண்டுக் கணக்கில் ஒரு டன் மீத்தேன் ஏறத்தாழ 28 டன் கார்பன் டை ஆக்சைடுக்கு ஈடாகப் பூமியைச் சூடாக்கும். 20 ஆண்டுக் கணக்கிலோ அது 80 மடங்கையும் தாண்டும். ஆனால் காற்றில் அதன் ஆயுள் சுமார் 12 ஆண்டுகள்தான். இன்று கசிவை அடைத்தால் பயனை நம் தலைமுறையே காணும்.

நெல்வயல், மாட்டின் வயிறு, குப்பைமேடு என மீத்தேனுக்குப் பல பிறப்பிடங்கள் உண்டு. எரிசக்தித் துறையை மட்டும் இங்கு எடுத்துக்கொள்வோம். இதில் பிரிட்டனின் வரலாறு சிந்திக்கத்தக்கது. 1990க்குப் பின் அந்நாட்டு நிலக்கரிச் சுரங்கங்கள் வெளியிடும் மீத்தேன் 90 விழுக்காட்டுக்கு மேல் குறைந்துவிட்டது. வரைபடத்தில் கோடு சரிந்து இறங்குகிறது. கைதட்டலாம்தான். ஆனால் அதற்கு முன், கோட்டை இறக்கியது எது, அதற்கு விலை கொடுத்தவர் யார் என்று கேட்க வேண்டும் என்பதே என் கருத்து.

சுரங்கத்தின் கதை

நிலக்கரிப் படுகையில் கோடிக்கணக்கான ஆண்டுகளாக அடைபட்டிருக்கும் மீத்தேன், கரியை வெட்டும்போது விடுதலை பெறுகிறது. காற்றில் 5 முதல் 15 விழுக்காடு வரை கலந்துவிட்டால் ஒரு தீப்பொறி போதும். 1812இல் ஃபெல்லிங் சுரங்க வெடிப்பில் 92 பேர் மாண்டனர். 1815இல் ஹம்ப்ரி டேவி பாதுகாப்பு விளக்கை உருவாக்கினார். ஆயினும் 1913இல் வேல்ஸ் நாட்டுச் செங்கெனித் சுரங்கத்தில் வாயுவும் கரித்தூசியும் வெடித்து 439 தொழிலாளர் உயிரிழந்தனர். உள்ளிருப்பவன் பிழைக்க வேண்டுமானால் வாயு வெளியேறியே ஆகவேண்டும். ஆகவே விசிறிகள் அதை வெளியே தள்ளின. வானுக்குப் போனதை அன்று யார் கணக்குப் பார்த்தார்?

அதே 1913இல் பிரிட்டன் 28 கோடி டன்னுக்கும் மேல் கரி எடுத்தது. அதன்பின் இறங்குமுகம். 1984 மார்ச்சில், சுரங்கங்களை மூடும் திட்டத்தை எதிர்த்துத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கினர். ஓராண்டு போராடித் தோற்றனர். அன்று சுமார் 170 சுரங்கங்கள் இருந்தன. 2015 டிசம்பரில் கடைசி ஆழ்சுரங்கமான கெல்லிங்லியும் மூடப்பட்டது. இவை பூமியின் வெப்பத்தை எண்ணியா மூடப்பட்டன? இல்லை. மலிவான இறக்குமதிக் கரியும், வடகடல் வாயுவும், அரசின் கொள்கையுமே பெரும் காரணங்கள். மீத்தேன் குறைந்தது அதன் பக்கவிளைவு.

என் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். ஒருவரின் வேலை போனால் வீட்டு அடுப்பும் பிள்ளையின் படிப்பும் சேர்ந்தே அணையும் என்பதை எனக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. வரைபடத்தில் அந்த அடுப்புகளுக்கு இடமில்லை.

குழாயின் கதை

முன்பு பிரிட்டிஷ் வீடுகளில் எரிந்தது கரியிலிருந்து தயாரித்த வாயு. 1967 முதல் பத்தாண்டுகளில் அதன் இடத்தை வடகடல் இயற்கை வாயு பிடித்தது. பழைய வார்ப்பிரும்புக் குழாய்களின் இணைப்புகளில் திணித்திருந்த சணல், பழைய வாயுவின் ஈரத்தில் ஊறி இறுகியிருந்தது. வறண்ட இயற்கை வாயு வந்ததும் சணல் காய்ந்து சுருங்கியது, இணைப்புகள் கசிந்தன. 1999இல் ஸ்காட்லாந்தின் லார்க்ஹால் ஊரில் வாயுக் கசிவால் ஒரு வீடு வெடித்து, ஒரே குடும்பத்தினர் நால்வர் இறந்தனர். கட்டடங்களுக்கு 30 மீட்டருக்குள் உள்ள இரும்புக் குழாய்களை 30 ஆண்டுகளில் மாற்றும் திட்டம் 2002இல் தொடங்கியது. பாலிஎத்திலீன் குழாய்கள் வந்தன, கசிவு குறைந்தது. இதற்கும் முதல் நோக்கம் மக்கள் பாதுகாப்புதான். எனினும் நான் மெச்சுவது இந்த இறக்கத்தையே. எவர் வயிற்றிலும் அடிக்காமல், பலருக்கு வேலையும் கொடுத்து, கோடு இறங்கியது அன்றோ?

கணக்கில் வராதவை

இன்னொன்றையும் மறக்கலாகாது. கசிவு எந்த நாட்டில் நிகழ்கிறதோ அந்நாட்டின் கணக்கிலேயே எழுதப்படும். பிரிட்டன் வெளிநாட்டுக் கரியை எரித்த ஆண்டுகளில், அக்கரியை வெட்டியபோது எழுந்த மீத்தேன் பிரிட்டனின் கோட்டில் ஏறவில்லை. காற்றுமண்டலத்துக்கு எல்லைக்கோடு ஏது? மூடிய சுரங்கமும் உடனே அடங்கிவிடாது. உள்ளே நீர் நிரம்பும்வரை பழைய வெடிப்புகள் வழியே கசிந்துகொண்டிருக்கும்.

நமக்கு என்ன?

2024-25இல் இந்தியாவின் நிலக்கரி உற்பத்தி 100 கோடி டன்னைத் தாண்டியது. 2021இல் கிளாஸ்கோ மாநாட்டில் தொடங்கிய உலக மீத்தேன் உறுதிமொழியில் பிரிட்டன் சேர்ந்தது, இந்தியா சேரவில்லை. நம் கரியில் பெரும்பகுதி திறந்தவெளிச் சுரங்கங்களில் கிடைப்பதால் டன்னுக்கு வெளிப்படும் வாயு குறைவு. அது நமக்கு ஓர் அவகாசம், சாக்கு அன்று. ஆழத் தோண்டும் இடங்களில் கரியை வெட்டுமுன்பே துளையிட்டு வாயுவைப் பிடித்து எரிபொருளாக்கலாம். இப்பொறியியல் புதியதன்று.

நம் நாட்டிலும் ஒருநாள் சுரங்கங்கள் மூடப்படும். பூட்டுப் போடும் நாளுக்குப் பல ஆண்டுகள் முன்னரே அங்குள்ள தொழிலாளிக்கு மாற்றுத் தொழிலும் அவர் பிள்ளைக்குக் கல்வியும் உறுதியாக வேண்டும். பிரிட்டன் பின்னால் எண்ணிப் பார்த்ததை நாம் முன்னாலேயே எண்ணலாம்.

மாணவ நண்பர்களே! ஆய்வகத்தில் வரைபடம் வரைகிறோம். கோட்டின் சாய்வைக் கணக்கிட்டு மதிப்பெண் பெறுகிறோம். இனி, கோடு ஏன் சாய்ந்தது என்றும் கேட்போம். வாயு மட்டும் இறங்கட்டும். மனிதன் வாழ்வு இறங்க வேண்டாம்.