எங்களையும் ஒரு வார்த்தை கேளுங்கள்

பூட்டுக்குப் பெயர் பெற்றது நம் திண்டுக்கல். பெட்டிக்குப் பூட்டுப் போடலாம், கதவுக்குப் போடலாம். நோயுற்ற மனிதருக்குப் போடலாமா?

இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் போட்டார்கள். 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் விடியற்காலையில், அங்கிருந்த தனியார் மனநலக் காப்பகம் ஒன்றின் கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் தப்பி ஓட முடியவில்லை. 28 உயிர்கள் மடிந்தன. நாடே தலைகுனிந்தது.

இன்று சங்கிலியிடுவதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் அறவே தடை செய்கிறது. 18 வயது நிரம்பாதவர்களைப் பற்றியும் அது தனியே பேசுகிறது. மருத்துவமனையில் அவர்களைப் பெரியவர்களோடு சேர்த்துத் தங்க வைக்கக் கூடாது. பெற்றோரோ, அவர்கள் ஏற்பாடு செய்யும் துணையாளரோ எந்நேரமும் உடனிருக்க வேண்டும். சிறுமியின் பொறுப்பாளர் ஆணாக இருந்தால், பெண் துணை ஒருவர் தங்க வேண்டும். சேர்த்த செய்தியை 72 மணி நேரத்துக்குள் மனநல மறுஆய்வு வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். தனியறையில் அடைக்கவோ, கட்டாயமாகத் தலையை மழிக்கவோ கூடாது. விரும்பினால் சொந்த உடையையே உடுத்தலாம்.

இவையெல்லாம் நல்லவைதாம். ஆயினும் எனக்கு ஒரு குறை உண்டு.

என் சித்தி மகளுக்கும் என் வயதுதான். சென்ற ஆண்டு சில வாரங்கள் மருத்துவமனையில் இருந்து நலம் பெற்றுத் திரும்பினாள். அவளிடம் கேட்டுக்கொண்டே இதை எழுதுகிறேன். அவள் சொன்னாள்: "மாத்திரை கசக்கவில்லை, ஊசியும் வலிக்கவில்லை. அத்தை வீட்டுக்குப் போகிறோம் என்று பொய் சொல்லிக் கூட்டிப் போனார்களே, அதுதான் இன்னும் வலிக்கிறது."

"சிறுபிள்ளைக்கு என்ன தெரியும்?" என்று பெரியோர் கேட்கலாம். நோயின் வேகத்தில் தன் நன்மை தனக்கே தெரியாமல் போவதும் உண்டு. ஆகவேதான் சம்மதம் தரும் பொறுப்பைச் சட்டம் பெற்றோரிடம் ஒப்படைத்திருக்கிறது. அது சரியென்றே நானும் எண்ணுகிறேன். ஆனால், சேர்ப்பதா வேண்டாமா என்று மருத்துவர்கள் முடிவு செய்யும்போது, அந்தப் பிள்ளையின் விருப்பத்தை அறிய முடிந்தால் அதையும் கருத்தில் கொள்ள வேண்டும் என்று அதே சட்டம் கூறுகிறது. கேளாமல் எப்படி அறிவது?

காய்ச்சல் வந்தால், "டாக்டரிடம் போகலாம், வா" என்று உண்மையைச் சொல்லித்தானே அழைத்துப் போகிறீர்கள்? மனம் நோயுற்றாலும் அப்படியே சொல்லுங்கள். எங்கே போகிறோம், எதற்காகப் போகிறோம், யார் உடனிருப்பார் என்று சொல்லுங்கள். நாங்கள் அழலாம், அடம் பிடிக்கலாம். ஆனால் பிறகு உங்களை நம்புவோம்.

தோழியரே, நமக்கும் கடமை உண்டு. நலம் பெற்று வகுப்புக்குத் திரும்புகிறவளைப் "பைத்தியம்" என்று கேலி செய்யாமல், பெஞ்சில் நம் பக்கத்திலேயே இடம் கொடுப்போம்.

பெற்றோரே, கையெழுத்து உங்களுடையதாகவே இருக்கட்டும். அதைப் போடுமுன் எங்களையும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

– பத்தாம் வகுப்பு மாணவி