அவர் ரசிகர், இவன் குடிகாரன்

காலையில் நடக்கப் போகும் எங்கள் கூட்டத்துக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. எல்லோரும் பென்ஷன்காரர்கள். பேங்க், ரயில்வே, பெல், மின்வாரியம் என்று எல்லா இலாகாவும் அதில் அடக்கம். 2024 செப்டம்பரில் அதில் ஒரு போட்டோ போட்டேன். ஸ்காட்லாந்தில் ஒரு விஸ்கி வடிசாலையில், மரப் பீப்பாய்களுக்கு முன்னால் நானும் என் வீட்டம்மாவும். அரை மணி நேரத்தில் முப்பது கட்டைவிரல். "கொடுத்து வைத்தவர் சார்" என்றார் ஒருவர். "எங்களுக்கும் ஒரு பாட்டில் உண்டா?" என்றார் இன்னொருவர்.

அதே குழுவில் மூன்று நாள் முன்பு வேறொரு போட்டோ வந்திருந்தது. உறையூர் சாலை ரோட்டோரம் வேட்டி விலகி மல்லாந்து கிடக்கிற ஒரு ஆள். பக்கத்தில் ஒரு செருப்பு, காலியான தண்ணீர் பாக்கெட். அதற்கும் முப்பது பேர் சிரித்திருந்தார்கள். "இவனுங்களை எல்லாம் திருத்தவே முடியாது" என்று ஒருவர் எழுதியிருந்தார். நானும் ஒரு சிரிப்புப் பொம்மை போட்டிருந்தேன். அதை இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

அதனால் இந்தப் பதிவு மற்றவர்களோடு மட்டும் போடுகிற சண்டை இல்லை. என்னோடும் போடுகிற சண்டைதான்.

எடின்பரோவில் வேலை பார்க்கும் மகன், "அப்பா, இங்க வந்துட்டு இதைப் பார்க்காமப் போகக் கூடாது" என்று ஒரு நாள் சுற்றுலாவுக்கு டிக்கெட் எடுத்துவிட்டான். நான் காபியைத் தவிர எதையும் குடித்துப் பழகாதவன். "எனக்கு எதுக்குப்பா அதெல்லாம்?" என்றேன். "சும்மா பார்க்கத்தான்ப்பா" என்றான். பஸ் ஸ்டர்லிங் ஊரைத் தாண்டி, டீத் என்ற ஆற்றங்கரையில் டீன்ஸ்டன் என்னும் இடத்தில் எங்களை இறக்கிவிட்டது.

இறங்கியதும் எனக்குக் கட்டடத்தின் மேல் சந்தேகம் வந்துவிட்டது. பார்ப்பதற்குப் பழைய பஞ்சாலை போல இருக்கிறதே என்று. சந்தேகம் சரிதான். 1785-ல் பருத்தி நூற்பாலையாகக் கட்டிய இடம் அது. ஆற்றுத் தண்ணீரின் விசையில் ஓடிய ஆலை. 1965-ல் மூடிவிட்டார்கள். அதற்குப் பிறகு அதையே வடிசாலையாக மாற்றியிருக்கிறார்கள். இன்றும் ஆற்றில் டர்பைன் வைத்துத் தங்களுக்கு வேண்டிய மின்சாரத்தை அவர்களே எடுத்துக்கொள்கிறார்கள். ஆலைக்காக 1830-களில் கட்டிய நெசவுக்கூடம், வளைவு வளைவாகக் கூரை போட்டது, இப்போது விஸ்கிப் பீப்பாய்கள் தூங்குகிற கிடங்கு.

உறையூரில் பிறந்தவன் அந்தக் கூடத்துக்குள் நின்றால் என்ன நினைப்பான்? முதல் நூற்றாண்டில் எழுதப்பட்ட பெரிப்ளஸ் என்ற கிரேக்க நூல் 'அர்காரு' என்ற ஊரின் மெல்லிய துணியைச் சொல்கிறது. அது நம் உறையூர்தான் என்பது ஆராய்ச்சியாளர்கள் பலரின் கருத்து. அப்பேர்ப்பட்ட ஊரின் தறிகள் வயிற்றில் அடித்த மில் துணி, இந்த மாதிரிக் கூடங்களில்தான் நெய்யப்பட்டது. கடைசியில் அந்தத் தறிகளும் போய், அங்கேயும் சாராயம் வந்து உட்கார்ந்திருக்கிறது. தறி போன இடத்தில் சாராயம். இந்தக் கதை எனக்குப் புதிதில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

சுற்றிக் காட்டிய பெண்ணைக் குறை சொல்ல முடியாது. பொறுமையாக, ஒளிவு மறைவில்லாமல் எல்லாவற்றையும் காட்டினாள். முளைகட்டிக் காய வைத்த பார்லியைக் கையில் கொடுத்து மெல்லச் சொன்னாள். அதை அரைத்து வெந்நீரில் ஊற வைத்து இனிப்புத் தண்ணீரை இறக்குகிற பெரிய இரும்புத் தொட்டி, ஈஸ்ட் போட்டுப் புளிக்க வைக்கிற தொட்டிகள், ஆள் உயரத்துக்கும் மேலே வாத்துக் கழுத்து மாதிரி வளைந்த செப்புக் கொப்பரைகள். வடித்து வருவதில் முதலில் வருவதையும் கடைசியில் வருவதையும் ஒதுக்கி, நடுவில் வருவதை மட்டும் எடுத்துப் பீப்பாயில் ஊற்றுகிறார்கள். ஓக் மரப் பீப்பாயில், ஸ்காட்லாந்து மண்ணிலேயே, குறைந்தது மூன்று வருடம் இருந்தால்தான் அதை ஸ்காட்ச் என்று விற்கலாம். அது சட்டம். வருடத்துக்குச் சுமார் இரண்டு சதவீதம் மரத்தின் வழியே ஆவியாகிப் போய்விடும். அதற்குத் 'தேவதைகளின் பங்கு' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

கடைசியில் மேஜைக்கு முன்னால் உட்கார வைத்து ஆளுக்கு மூன்று சின்னக் கண்ணாடிக் கோப்பை. முதலில் நிறத்தைப் பாருங்கள், பிறகு முகருங்கள், தேன் வாசனை தெரிகிறதா, ஆரஞ்சுத் தோல் தெரிகிறதா என்று பாடம். நான் தொடவில்லை. மகன் ஒரு வாய் உறிஞ்சிவிட்டுச் சொன்னான்: "அப்பா, இது ரசிக்கிறதுக்கு. நம்ம ஊர்ல மாதிரி குடிக்கிறதுக்கு இல்ல."

நல்ல பிள்ளை அவன். யாரையும் மட்டமாகப் பேசுகிறவன் இல்லை. ஆனாலும் அந்த ஒரு வாக்கியம் எனக்குச் சுருக்கென்று தைத்தது. அந்த வாக்கியத்துக்குப் பதில் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

என் தங்கை வீட்டுக்காரர் உறையூரில் குழித்தறியில் உட்கார்ந்தவர். பதினாறு வயதிலிருந்து நாடா இழுத்த கை. பாவு ஓட்டுவதில் அவரை மிஞ்ச எங்கள் தெருவில் ஆள் இல்லை. கூலி கட்டுப்படியாகாமல் தெருவில் தறிச் சத்தம் ஒவ்வொரு வீடாக நின்றபோது அவர் வீட்டிலும் நின்றது. பிறகு காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்கப் போனார். உட்கார்ந்தே வேலை செய்த உடம்பு, நாற்பது வயதில் மூட்டை தூக்கினால் என்ன ஆகும்? ராத்திரி முதுகு வலிக்கு ஒரு குவார்ட்டர். பிறகு மத்தியானமே ஒன்று. 2009 ஐப்பசியில் ஈரல் கெட்டு, வயிறு வீங்கி, நாற்பத்தெட்டு வயதில் போய்ச் சேர்ந்தார். அவர் கடைசி வரை ஒருநாள்கூட 'முகர்ந்து பாருங்கள்' என்று யாரும் சொல்லிக் குடித்தவர் இல்லை. கம்பிக்குப் பின்னாலிருந்து நீட்டிய பாட்டிலை வாங்கி, நின்றபடியே குடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு வந்தவர். அவரை ஊர் குடிகாரன் என்றது. கண்ணாடிக் கோப்பையில் குடிக்கிற என் மகன் ரசிகன். உள்ளே இருக்கிற சாராயம் இரண்டிலும் ஒன்றுதான். ஈரலுக்கு லேபிள் படிக்கத் தெரியாது.

குடிக்காதவர்களுக்கு அங்கே ஒரு குட்டிப் பாட்டில் கையில் கொடுத்தனுப்புகிறார்கள். அதை மகன் என் பெட்டியில் போட்டுவிட்டான். ஊருக்கு வந்து பெட்டியைப் பிரித்தபோது தங்கை கூட இருந்தாள். "இது என்னண்ணா, டானிக்கா?" என்று கேட்டுத் திறந்து முகர்ந்தாள். உடனே மூடிவிட்டாள். "அதே வாசனைதான்" என்றாள். தேனும் ஆரஞ்சுத் தோலும் அவளுக்குத் தெரியவில்லை.

"அங்கே பாருங்க சார், எவனாவது ரோட்டில் விழுந்து கிடக்கிறானா?" என்று நம் ஆட்கள் கேட்பார்கள். சனிக்கிழமை இரவு எடின்பரோவில் தடுமாறி விழுகிறவர்களை நானே பார்த்தேன். அது கிடக்கட்டும். நான் அங்கிருந்த அந்த செப்டம்பரில்தான் அவர்கள் அரசாங்கம் ஒரு கணக்கை வெளியிட்டது. குடியால் மட்டுமே 2023-ல் அங்கே செத்தவர்கள் 1,277 பேர். 2008-க்குப் பிறகு அதுதான் அதிகம். அந்த நாட்டின் மொத்த ஜனத்தொகையே ஐம்பத்தைந்து லட்சம்தான். நம் திருச்சி மாவட்டத்தைப் போல இரண்டு மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். வசதியான பகுதிகளில் இருப்பவர்களைவிட ஏழைப் பகுதிகளில் இருப்பவர்கள் நான்கு மடங்குக்கும் மேலாகச் செத்திருக்கிறார்கள். ஆக, அங்கேயும் சுற்றிப் பார்ப்பவர் ஒருவர், சாகிறவர் இன்னொருவர். அந்த 1,277 பேரைச் சுற்றிக் காட்ட எந்தப் பஸ்ஸும் போவதில்லை.

நம் ஆள் ஏன் ரோட்டில் விழுகிறான் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். பகல் பன்னிரண்டு மணிக்குக் கடை திறக்கிறது. காலையில் வேலை கிடைக்காத கூலிக்காரன் வெறும் வயிற்றோடு போகிறான். உட்கார நாற்காலி கிடையாது, கை கழுவ இடம் கிடையாது. வெயிலில் நின்று ஒரே மூச்சில் குடித்துவிட்டு வெளியே வந்தால் ரோட்டில் விழாமல் வேறு எங்கே விழுவான்? கிளப்பில் ஏசி அறையில் குடித்துவிட்டு டிரைவர் கைத்தாங்கலாக ஏற்றிப் போகிற கனவானை யாரும் போட்டோ எடுப்பதில்லை. பத்திரிகைகள் 'குடிமகன்' என்று சிலேடை போட்டுச் சிரிப்பதும் இவனைப் பார்த்துத்தான்.

"அப்படியானால் மதுவிலக்கு வேண்டும் என்கிறீரா?" என்று கேட்பீர்கள். என் வயதுக்காரர்களுக்கு இரண்டும் தெரியும். 1948-லிருந்து மாகாணம் முழுக்க மதுவிலக்கு இருந்ததும், 1971-ல் கருணாநிதி அதைத் தளர்த்தியதும், 1974-ல் மறுபடி மூடியதும், 1981-ல் எம்.ஜி.ஆர். மறுபடி திறந்ததும், 1983-ல் டாஸ்மாக் வந்ததும், 2003 நவம்பரில் சில்லறைக் கடையையும் அரசாங்கமே எடுத்துக்கொண்டதும் நம் கண் முன்னால் நடந்தவை. மதுவிலக்குக் காலத்தில் கோரையாற்றுப் பக்கம் என்ன காய்ச்சினார்கள் என்று நமக்குத் தெரியாதா? 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த பாக்கெட் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றதே. கடையைப் பூட்டினால் குடி நின்றுவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். நான் கேட்பது வேறு.

முதலாவது, அரசாங்கத்திடம். விற்கிறீர்கள், சரி. என்ன விற்கிறீர்கள் என்று சொல்லிவிட்டு விற்றுவிடுங்கள். அங்கே பார்லியிலிருந்து பாட்டில் வரை திறந்து காட்டுகிறார்கள். நம் ஊரில் விஸ்கி, பிராந்தி என்று விற்கிற பெரும்பாலானவற்றின் அடிப்படை, சர்க்கரை ஆலையில் மிஞ்சுகிற கழிவுப்பாகிலிருந்து வடித்த ஸ்பிரிட். ஐரோப்பாவில் அதை விஸ்கி என்று விற்கவே முடியாது. இங்கே சட்டம் அனுமதிக்கிறது. இருக்கட்டும். எதிலிருந்து வடித்தது, எத்தனை நாள் வைத்திருந்தது, நிறத்துக்கு என்ன சேர்த்தது என்பதைத் தமிழில், என் மச்சானுக்குப் புரிகிற அளவு பெரிய எழுத்தில் பாட்டிலில் போடுங்கள். காசு கொடுக்கிறவனுக்கு அந்த மரியாதைகூடக் கிடையாதா?

இரண்டாவது, 2024-25-ல் டாஸ்மாக் மூலம் வந்த வருமானம் 48,344 கோடி ரூபாய் என்று சட்டசபையில் சொன்னார்கள். அந்த எண்ணைப் படிக்கிற அதே பக்கத்தில், அந்த வருடம் குடியால் இறந்தவர்கள் இத்தனை பேர், மாவட்ட வாரியாக என்று இன்னொரு எண்ணையும் படியுங்கள். ஸ்காட்லாந்திலிருந்து நாம் எதையாவது இறக்குமதி செய்வதென்றால் முதலில் இந்தக் கணக்கை இறக்குமதி செய்வோம். 150 சதவீதமாக இருந்த விஸ்கி வரியை முதலில் பாதியாகவும், பத்து வருடத்தில் 40 சதவீதமாகவும் குறைக்க 2025 ஜூலையில் பிரிட்டனோடு ஒப்பந்தம் போட்டாயிற்று. பாட்டில்கள் எப்படியும் வந்துவிடும். கணக்குதான் தானாக வராது.

மூன்றாவது, உங்களிடமும் என்னிடமும். டீன்ஸ்டனுக்குப் போங்கள், பாருங்கள். பார்க்க வேண்டிய இடம்தான். குடிக்கிறவர் குடித்தும் பாருங்கள், அது உங்கள் இஷ்டம். ஆனால் அந்தப் போட்டோவைப் போட்ட கையால், ரோட்டில் கிடக்கிறவனின் போட்டோவை அனுப்பாதீர்கள். அவனுக்கும் வீட்டில் ஒரு பெண்டாட்டி இருப்பாள், ஒரு மகள் இருப்பாள். அந்தப் போட்டோ எப்படியாவது சுற்றி அவர்கள் கைப்பேசிக்கும் போய்ச் சேரும். என் தங்கைக்கு அப்படி ஒன்று வந்தது. அனுப்பியவருக்கு அவள் யாரென்று தெரியாது.

என் வடிசாலைப் போட்டோவை நான் குழுவிலிருந்து அழிக்கவில்லை. அதன் கீழேயே என் மச்சான் தறியில் உட்கார்ந்திருக்கிற ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படத்தைப் போட்டு, அவர் எப்படி இறந்தார் என்று இரண்டு வரி எழுதினேன். ஒரு நாள் முழுக்க யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலை நடக்கும்போது ரயில்வேக்காரர் ஒருவர் மட்டும் பக்கத்தில் வந்து, "எங்கண்ணனும் இப்படித்தான் சார் போனார். வெளிய சொன்னதில்லை" என்றார்.

சொல்லுங்கள் சார். இனிமேலாவது சொல்லுவோம்.