பச்சைக் கண் மங்கினால்...

காமயகவுண்டன்பட்டியில் என் அத்தை வீட்டுக் கூடத்தில் ஒரு பழைய வால்வு ரேடியோ இருக்கிறது. மாமா இருந்த நாளில் அதைத் தொட வேறு யாருக்கும் உரிமை கிடையாது. தோட்டத்திலிருந்து வந்து கை கால் கழுவிக்கொண்டு குமிழைத் திருகுவார். பச்சைக் கண் மெல்ல விரியும். இலங்கை வானொலி பேச ஆரம்பிக்கும்.

மாமா போய்விட்டார். ரேடியோ இன்றும் பேசுகிறது. ஆனால் கண் மட்டும் மங்கிவிட்டது. "பேரீச்சம்பழக்காரனுக்குப் போட்டுவிடலாமே!" என்றார் ஒரு உறவினர். அத்தை என்னைத் தனியே அழைத்து, "ஏப்பா, கண்ணு தெரியாத மனுசரைப் பாக்கிற மாதிரி இருக்கப்பா" என்றாள். அதற்கு மேல் நான் சும்மா இருக்க முடியுமா?

இந்தக் கண்ணும் ஒரு வால்வுதான். அமெரிக்காவில் ஆலன் டூமாண்ட் 1932-ல் கண்டுபிடித்தது, 1935-ல் ஆர்.சி.ஏ. கம்பெனி கடைக்குக் கொண்டு வந்தது. உள்ளே உள்ள பூச்சின் மேல் எலெக்ட்ரான்கள் மோதுவதால் பச்சை ஒளி உண்டாகிறது. ஸ்டேஷன் சரியாகப் பிடிபட்டால் நிழல் சுருங்கும். வருஷக்கணக்கில் அடிபட்ட பூச்சு சோர்ந்துபோவதால்தான் கண் மங்குகிறது.

கம்பத்திலிருந்து வந்த மெக்கானிக் நல்ல மனிதர். "புது வால்வுக்குப் பணம் எடுத்து வைக்கிறதுக்கு முன்னாடி பாத்துடுவோம்மா" என்றார். ஒளி பளிச்சென்று இருந்து, நிழல் மட்டும் அசையாவிட்டால், கெட்டது பெரும்பாலும் ஒரு சின்ன ரெசிஸ்டராக இருக்கும்; சில ரூபாயோடு போகும். ஒளியே மங்கினால்தான் வால்வை மாற்ற வேண்டும்.

அத்தை வீட்டு வால்வு விசிறி போல் விரியும் ஈ.எம். 80. அதற்கு ஈடாக சோவியத் நாட்டில் செய்த 6-ஈ-1-பி, ஐரோப்பியப் பெயர் பொறித்ததைவிட மலிவு. இரண்டுக்கும் ஒன்பது ஊசிதான். வட்டக் கண்ணுள்ள ஈ.எம். 34-க்கு அடிப்பாகமே வேறு. அதற்கு இது பொருந்தாது. வால்வின் பெயர் 'யூ' என்று தொடங்கினால் அது ஏ.ஸி-டி.ஸி. செட்டுக்கு உரியது. அந்தச் செட்டில் இழைகள் எல்லாம் சரத்தில் கோத்த பூப்போல. கண்ணின் இழை அறுந்தால் ரேடியோவே ஊமையாகிவிடும். ஆகவே பழைய வால்வைக் கையோடு கொண்டுபோய்க் காட்டி வாங்குவதே புத்திசாலித்தனம். சென்னை ரிச்சி தெருப் பக்கம் போகிறவர்கள் விசாரித்துப் பார்க்கலாம்.

ஒரு எச்சரிக்கை. பெட்டியின் முதுகை நீங்களே திறக்காதீர்கள். உள்ளே இருநூறு வோல்ட்டுக்கு மேல் ஓடும். ஸ்விச்சை அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் மின்சாரம் தங்கியிருக்கும்.

புது வால்வு வந்த அன்று மாலை கண் பச்சையாக விரிந்தது. அத்தை ஒன்றும் பேசவில்லை. முந்தானையால் பெட்டியைத் துடைத்தாள். உள்ளே போய் மெக்கானிக்குக்குக் காபி கலந்து வந்தாள். அவர் காபி குடித்துக்கொண்டே ஒரு யோசனை சொன்னார்: கண்ணுக்கு மட்டும் தனி ஸ்விச்சு வைத்து, ஸ்டேஷன் பிடித்ததும் அணைத்துவிட்டால் வால்வு நெடுநாள் உழைக்குமாம்.

"வேண்டாம் தம்பி, அது முழிச்சே இருக்கட்டும்" என்றாள் அத்தை.