பிளே-ஆஃபுக்கு முன்னாடியே கிளம்பிய கோச்... அமெரிக்க காலேஜ் ஃபுட்பாலை உலுக்கிய ஓல் மிஸ் விவகாரம்: நடந்தது என்ன?

12 ஆட்டங்களில் 11 வெற்றி. கல்லூரியின் வரலாற்றிலேயே முதல்முறையாக தேசிய பிளே-ஆஃப் வாய்ப்பு கைக்கு எட்டும் தூரத்தில். ஊரே கொண்டாட்டத்துக்குத் தயாராக இருந்த நேரத்தில், அந்த அணியை உருவாக்கிய தலைமைப் பயிற்சியாளர் வேறொரு பல்கலைக்கழகத்துக்கு வேலைக்குப் போய்விட்டார். அதுவும் எங்கே? அதே பிரிவில் ஆண்டுதோறும் மோதிக்கொள்ளும் பரம எதிரி அணிக்கு!

அமெரிக்காவின் மிசிசிப்பி பல்கலைக்கழகத்தில், அதாவது எல்லோரும் 'ஓல் மிஸ்' என்று அழைக்கும் கல்லூரியில், 2025 நவம்பர் 30 அன்று நடந்தது இதுதான். பயிற்சியாளரின் பெயர் லேன் கிஃபின். அவர் போன இடம், பக்கத்து மாநிலமான லூசியானாவின் எல்.எஸ்.யூ. அன்று ஆக்ஸ்ஃபோர்டு நகர விமான நிலையத்தில் கூடிய ரசிகர்கள், கூச்சலிட்டுத்தான் அவரை வழியனுப்பினார்கள்.

ஒரு கோச் வேலை மாறுவதில் என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். ஆனால், இந்த ஒரு சம்பவத்துக்குள் அமெரிக்கக் கல்லூரி விளையாட்டின் மொத்தச் சிக்கலும் அடங்கியிருக்கிறது.

கல்லூரி விளையாட்டுக்கு இவ்வளவு பணமா?

இங்கே ஃபுட்பால் என்றால் காலால் உதைக்கும் கால்பந்து இல்லை. முட்டை வடிவப் பந்தை கையில் பிடித்துக்கொண்டு, ஹெல்மெட் போட்டு மோதி ஆடும் அமெரிக்கன் ஃபுட்பால். ஆடுபவர்கள் மாணவர்கள். ஆனால், எல்.எஸ்.யூவின் டைகர் ஸ்டேடியத்தில் ஒரே நேரத்தில் 1 லட்சம் பேருக்கு மேல் உட்காரலாம். தொலைக்காட்சி உரிமம், டிக்கெட், நன்கொடை எனப் பணம் கொட்டுகிறது. 2021 ஜூலையில் இருந்து மாணவர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்கலாம். 2025 ஜூலையில் இருந்து பல்கலைக்கழகமே நேரடியாக வீரர்களுக்குப் பணம் தரலாம். முதல் ஆண்டுக்கான உச்சவரம்பு, ஒரு கல்லூரிக்கு சுமார் 2.05 கோடி டாலர். அது எல்லா விளையாட்டு வீரர்களுக்கும் சேர்த்துத்தான்.

கிஃபினுக்கு எல்.எஸ்.யூ கொடுக்கும் சம்பளம் ஆண்டுக்கு சுமார் 1.3 கோடி டாலர். இந்திய மதிப்பில் 100 கோடி ரூபாய்க்கு மேல். ஏழு ஆண்டு ஒப்பந்தம். ஆக, அத்தனை வீரர்களுக்கும் கொடுக்க அனுமதிக்கப்பட்ட தொகையில் பாதிக்கும் மேல், ஒரே ஒரு கோச்சுக்கு!

எல்.எஸ்.யூவில் இடம் காலியானது எப்படி?

கதை அங்கிருந்துதான் தொடங்குகிறது. 2021 இறுதியில் பிரையன் கெல்லி என்பவரை 10 ஆண்டு, 9.5 கோடி டாலர் ஒப்பந்தத்தில் எல்.எஸ்.யூ அழைத்து வந்தது. நான்காவது சீசனிலேயே கசந்துபோனது. 2025 அக்டோபர் 25 அன்று சொந்த மண்ணில் டெக்சாஸ் ஏ அண்ட் எம் அணியிடம் 49-25 என்று தோற்றார்கள். மறுநாளே கெல்லி வெளியே.

வெளியே அனுப்புவது சுலபம். ஒப்பந்தத்தில் மீதமிருக்கும் ஆண்டுகளுக்கான பணத்தை யார் கொடுப்பது? 'பைஅவுட்' எனப்படும் அந்தத் தொகை 5 கோடி டாலருக்கும் மேல். இது அரசுப் பல்கலைக்கழகம் என்பதால் லூசியானா ஆளுநர் ஜெஃப் லேண்ட்ரியே களத்தில் இறங்கினார். விளையாட்டுத் துறை இயக்குநர் ஸ்காட் வுட்வர்ட் அடுத்த கோச்சைத் தேர்வு செய்யப் போவதில்லை என்று பகிரங்கமாகச் சொன்னார். அடுத்த நாளே வுட்வர்ட் பதவியில் இல்லை.

வுட்வர்ட் மீது ஆளுநருக்கு ஏன் அவ்வளவு கோபம்? காரணம் இருக்கிறது. இதற்கு முன் டெக்சாஸ் ஏ அண்ட் எம்மில் ஜிம்போ ஃபிஷர் என்ற கோச்சை வேலைக்கு எடுத்தவரும் இதே வுட்வர்ட்தான். பின்னர் அந்தப் பல்கலைக்கழகம் அவரது ஒப்பந்தத்தை நீட்டித்தது. 2023 நவம்பரில் ஃபிஷரை வீட்டுக்கு அனுப்பியபோது பேசப்பட்ட தொகை 7.5 கோடி டாலருக்கும் அதிகம். வேலை செய்யாமல் இருக்க ஒரு கோச்சுக்கு இவ்வளவு பெரிய தொகை கொடுக்க வேண்டிவந்தது அதுவரை கேள்விப்படாதது.

இப்படி எல்லாம் கொதித்த பிறகு எல்.எஸ்.யூ என்ன செய்தது தெரியுமா? கெல்லியை விட அதிக ஆண்டுச் சம்பளத்தில் கிஃபினை எடுத்தது. பாதியில் நீக்கினால் மீதித் தொகையில் 80 சதவீதம் தர வேண்டும் என்ற நிபந்தனையோடு. ஆளுநரின் கோபம் ஒரு மாதம்தான் தாங்கியது என்று சொன்னால் தப்பில்லை.

'முடிச்சிட்டுப் போறேன்' என்ற கிஃபின்... 'வேண்டாம்' என்ற கல்லூரி

இந்த விவகாரத்தின் மையமே இந்த இடம்தான். எல்.எஸ்.யூவுக்குப் போவது முடிவான பிறகும், பிளே-ஆஃப் வரை ஓல் மிஸ் அணிக்கே பயிற்சி கொடுக்க விரும்புவதாக கிஃபின் கேட்டார். வீரர்களும் அதைத்தான் விரும்பினார்கள் என்பது அவர் தரப்பு வாதம். ஓல் மிஸ் விளையாட்டு இயக்குநர் கீத் கார்ட்டர் மறுத்துவிட்டார்.

மறுத்தது சரியா? எதிர் உதாரணம் தேடி ரொம்ப தூரம் போக வேண்டாம். ஓல் மிஸ் பிளே-ஆஃப் முதல் சுற்றில் சந்தித்த துலேன் அணியின் கோச் ஜான் சம்ராலும் அதே நவம்பர் 30-ல்தான் ஃபுளோரிடாவுக்குப் போவதாக அறிவித்தார். ஆனால், துலேன் நிர்வாகம் அவரைக் கடைசி ஆட்டம் வரை இருக்க அனுமதித்தது. ஜேம்ஸ் மேடிசன் அணியின் பாப் செஸ்னியும் அப்படித்தான், யு.சி.எல்.ஏ வேலையை ஏற்ற பிறகும் பிளே-ஆஃபில் பழைய அணியோடு நின்றார்.

ஆனால், ஒரு முக்கியமான வித்தியாசம் இருக்கிறது. துலேனும் ஃபுளோரிடாவும் ஒரே வீரர்களுக்காக அடித்துக்கொள்பவை அல்ல. ஓல் மிஸ்ஸும் எல்.எஸ்.யூவும் ஒரே எஸ்.இ.சி பிரிவில், ஒரே பகுதியில் இருந்து வீரர்களைத் தேடுபவை. எதிரி அணியின் சம்பளப் பட்டியலில் உள்ளவர் தினமும் உங்கள் வீரர்களோடு டிரெஸ்ஸிங் ரூமில் உட்கார்ந்திருப்பதை எந்த நிர்வாகம் ஏற்கும்? வீரர்களைத் தன்னோடு வரச் சொல்லி ஒரு வார்த்தை சொன்னாலே போதுமே! அந்த வகையில் கார்ட்டரின் முடிவில் நியாயம் இருந்தது. துலேனின் பெருந்தன்மையை ஓல் மிஸ்ஸிடம் எதிர்பார்ப்பது கொஞ்சம் அதிகம்.

போனது ஒருவர் மட்டும் இல்லை

ரசிகர்கள் பெரும்பாலும் தலைமைப் பயிற்சியாளரின் பெயரை மட்டுமே பேசுவார்கள். ஆனால், களத்தில் அன்றாட வேலையை நடத்துவது உதவிப் பயிற்சியாளர்கள். தாக்குதல் ஆட்டத்துக்கு ஒரு கோ-ஆர்டினேட்டர், தடுப்பாட்டத்துக்கு ஒருவர், ஒவ்வொரு பொசிஷனுக்கும் தனித்தனி கோச் என்று ஒரு பெரிய படையே இருக்கும். தலைவர் மாறினால் இவர்களில் பலருடைய வேலையும் ஆட்டம் காணும். புது தலைவர் தன் ஆட்களோடு வருவார். பழையவர்கள் குடும்பத்தோடு ஊர் மாற வேண்டும், அல்லது வேலை தேட வேண்டும். கோடிகளில் பைஅவுட் வாங்கும் பாக்கியம் இவர்களில் பெரும்பாலானோருக்கு இல்லை.

கிஃபினோடு தாக்குதல் ஆட்டப் பயிற்சியாளர்கள் பலரும் எல்.எஸ்.யூவுக்கு இடம் மாறினார்கள். முக்கியமானவர், களத்தில் எந்த மூவ் ஆட வேண்டும் என்று முடிவெடுக்கும் சார்லி வெய்ஸ் ஜூனியர். அவர் இல்லையென்றால் குவார்ட்டர்பேக் டிரினிடாட் சாம்ப்லிஸ் யார் சொல்லைக் கேட்டு ஆடுவது? கடைசியில் ஒரு விசித்திரமான ஏற்பாடு வந்தது. வெய்ஸும் இன்னும் சிலரும் எல்.எஸ்.யூ ஆட்களாகவே, பிளே-ஆஃபுக்காக மட்டும் ஓல் மிஸ்ஸுக்குத் திரும்பி வந்து வேலை பார்த்தார்கள். ஜனவரியில் அணி முன்னேற முன்னேற, 'இந்த வாரம் யார் வருவாங்க, யார் வரமாட்டாங்க' என்பதே தனிச் செய்தியாகிவிட்டது.

தலைமைப் பொறுப்பு, தடுப்பாட்ட கோ-ஆர்டினேட்டர் பீட் கோல்டிங்கிடம் போனது. தற்காலிகமாக அல்ல, நிரந்தரமாகவே. அதற்கு முன் அவர் எந்த அணிக்கும் தலைமைப் பயிற்சியாளராக இருந்ததில்லை. ரிஸ்க்தான். ஆனால், 'அடுத்து யார்' என்ற கேள்வியையே ஒரே நாளில் மூடிவிட்டார்கள். நிச்சயமின்மை நீண்டால் வீரர்கள் கிளம்பிவிடுவார்கள் என்ற பயம்தான் அந்த வேகத்துக்குக் காரணம்.

சிக்கல் காலண்டரில்தான்

கிஃபினைத் துரோகி என்று திட்டுவது எளிது. ஆனால், அவர் ஏன் ஒரு மாதம் காத்திருந்து ஜனவரியில் போகக்கூடாது?

தேதிகளைப் பாருங்கள். லீக் ஆட்டங்கள் நவம்பர் கடைசி வாரத்தில் முடிகின்றன. பள்ளி மாணவர்கள் எந்தக் கல்லூரியில் சேரப்போகிறோம் என்று கையெழுத்திடும் நாள் டிசம்பர் 3. பிளே-ஆஃப் டிசம்பர் 19 முதல் ஜனவரி 19 வரை. ஏற்கெனவே கல்லூரியில் ஆடும் வீரர்கள் வேறு கல்லூரிக்கு மாறும் 'டிரான்ஸ்ஃபர் போர்ட்டல்' ஜனவரி 2 முதல் 16 வரை. அதாவது சீசன் ஓடிக்கொண்டிருக்கும்போதே அடுத்த சீசனுக்கான சந்தையும் திறந்துவிடுகிறது. கோச் இல்லாமல் அந்தச் சந்தைக்குள் போகும் கல்லூரி வெறுங்கையோடுதான் திரும்பும். எனவே எல்.எஸ்.யூவுக்கு டிசம்பர் 3-க்கு முன்பே கோச் வேண்டும். காத்திருக்க அவர்கள் தயாராக இல்லை.

தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்-லில் இந்தக் குழப்பம் இல்லை. அங்கே பிளே-ஆஃபில் ஆடும் அணியின் உதவிப் பயிற்சியாளரை, அந்த அணியின் சீசன் முடியும் வரை இன்னொரு அணி தலைமைப் பதவிக்கு ஒப்பந்தம் செய்ய முடியாது. கல்லூரி ஃபுட்பாலில் அப்படி ஒரு விதியும் இல்லை, விதி போட்டு எல்லோரையும் கட்டுப்படுத்தும் ஒரே அமைப்பும் இல்லை. என்.சி.ஏ.ஏ, பிரிவுகள், பிளே-ஆஃப் நிர்வாகம் என்று அதிகாரம் சிதறிக் கிடக்கிறது.

அதனால்தான் இது முதல்முறையும் அல்ல. எல்.எஸ்.யூ நீக்கிய அதே பிரையன் கெல்லி, 2009-ல் தோல்வியே காணாத சின்சினாட்டி அணியை விட்டுவிட்டு நோட்ரே டேமுக்குப் போனவர். கோச் போன பிறகு சின்சினாட்டி, சுகர் பவுல் ஆட்டத்தில் ஃபுளோரிடாவிடம் 51-24 என்று உதை வாங்கியது. 2021-ல் நோட்ரே டேம் பிளே-ஆஃப் வாய்ப்போடு காத்திருந்தபோது, அங்கிருந்தும் கிளம்பி எல்.எஸ்.யூவுக்கு வந்தார். கிஃபினுக்கும் இது புதிதல்ல. 2010-ல் டென்னசியை ஒரே சீசனில் விட்டுப் போனவர். அலபாமாவில் உதவிப் பயிற்சியாளராக இருந்தபோது வேறு வேலையை ஏற்றதால், 2017 ஜனவரி இறுதிப்போட்டிக்குச் சில நாட்கள் முன்பு அவரை விலக்கிவிட்டார் நிக் சேபன். அந்த இறுதிப்போட்டியில் அலபாமா 35-31 என்று கிளெம்சனிடம் தோற்றது.

அப்புறம் ஓல் மிஸ் என்ன ஆனது?

சிதறிப்போகும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு ஏமாற்றம்தான். கோல்டிங்கின் முதல் ஆட்டத்தில் துலேனை 41-10 என்று நொறுக்கினார்கள். புத்தாண்டு அன்று சுகர் பவுலில், சீசனில் தங்களைத் தோற்கடித்த ஒரே அணியான ஜார்ஜியாவை 39-34 என்று பழிதீர்த்தார்கள். ஜனவரி 8 அரையிறுதியில் மியாமியிடம் 31-27 என்று தோல்வி. அதுவும் ஆட்டம் முடிய 18 விநாடிகள் இருந்தபோது விழுந்த டச் டவுனால்!

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. பிளே-ஆஃபில் ஓல் மிஸ் ஜெயித்தால் கிஃபினுக்குக் கிடைத்திருக்க வேண்டிய போனஸை, எல்.எஸ்.யூவே கொடுப்பதாக ஒப்பந்தத்தில் ஒப்புக்கொண்டிருந்தது. அவர் கைவிட்ட அணி ஜெயிக்க ஜெயிக்க, அவர் கணக்கில் பணம் ஏறியது.

வீரர்கள் நிலைமை வேறு. போர்ட்டல் திறந்ததும் ஓல் மிஸ்ஸில் இருந்து சிலர் எல்.எஸ்.யூவுக்கு மாறினார்கள். மாணவர்கள் இடம் மாறினால் 'விசுவாசம் இல்லை' என்று பேசிய அதே கோச்சுகள் இருக்கும் துறை இது. இப்போது அந்தப் பேச்சு எடுபடுவதில்லை. பல ஆண்டுகள் வரை, கல்லூரி மாறும் வீரர் ஒரு சீசன் முழுக்க வெளியே உட்கார வேண்டும் என்று விதியே இருந்தது. கோச்சுக்கு அப்படி ஒரு நாள்கூட இருந்ததில்லை.

2025 சீசனில் மட்டும் பென் ஸ்டேட், ஃபுளோரிடா, ஆபர்ன், ஆர்கன்சா எனப் பெரிய கல்லூரிகள் வரிசையாக கோச்சுகளை நீக்கின. பென் ஸ்டேட்டின் ஜேம்ஸ் ஃப்ராங்க்ளின், நீக்கப்பட்ட சில வாரங்களிலேயே வர்ஜீனியா டெக்கில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். அதனால் பென் ஸ்டேட்டின் பைஅவுட் சுமை பெருமளவு குறைந்தது. ஆனால், எல்லாக் கல்லூரிக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்காது.

ஓல் மிஸ் ரசிகர்கள் காலண்டரில் இன்னொரு தேதியைக் குறித்து வைத்திருக்கிறார்கள்: 2026 செப்டம்பர் 19. அன்று எல்.எஸ்.யூ அணியோடு கிஃபின் ஆக்ஸ்ஃபோர்டுக்கு ஆட வருகிறார்.