ஆடித் தள்ளுபடியில் அறுவை சிகிச்சையா?

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள். கல்யாண வயதில் பையன் இருக்கிற வீட்டில் கட்டாயம் படியுங்கள்.

போன வாரம் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு விளம்பரம் வந்தது. முடி நடும் அறுவை சிகிச்சைக்கு ஆடித் தள்ளுபடியாம். முன்பணம் வேண்டாம், மாதத் தவணை உண்டு, இந்த மாதக் கடைசி வரை மட்டும். அதைப் போட்டவர் நம் சொந்தக்காரர்தான். கீழே என் தங்கை மகன் பெயரைப் போட்டு, "மாப்ள, சீக்கிரம் புக் பண்ணிரு, இல்லன்னா பொண்ணு கிடைக்காது" என்று எழுதி, சிரிக்கிற பொம்மை நாலு வைத்திருந்தார். பத்து நிமிஷத்தில் பதினேழு பேர் சிரித்திருந்தீர்கள். அவன் பதிலே போடவில்லை. அன்று ராத்திரி குழுவை விட்டு வெளியேறிவிட்டான். அதை ஒருத்தரும் கவனித்த மாதிரித் தெரியவில்லை.

ஆடி மாதம் சேலைக்குத் தள்ளுபடி கேட்டிருக்கிறோம், பாத்திரத்துக்குக் கேட்டிருக்கிறோம். மயக்க ஊசி போட்டு, தலையில் ஆயிரக்கணக்கான துளை போடுகிற வேலைக்குத் தள்ளுபடி என்றால் நமக்குச் சிரிப்பு வரக்கூடாது, பயம் வரவேண்டும்.

நான் டாக்டர் இல்லை. ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் படித்த இடைநிலை ஆசிரியர், அவ்வளவுதான். ஆனால் வழுக்கையைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி உண்டு. எனக்கு முப்பதில் ஆரம்பித்து நாற்பதில் வேலை முடிந்துவிட்டது. நீங்கள் எனக்கு வைத்த பட்டப்பெயர் தெரியாது என்று நினைக்காதீர்கள். தலையில் அஞ்சே அஞ்சு முடி ஓடுகிறது என்று "ஐந்தருவி சார்". கேட்டு நானும் சிரித்தேன். அப்போது எனக்குக் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள், அரசு வேலை இருந்தது. அதனால் சிரிக்க முடிந்தது. 23 வயதுப் பையனுக்கு அது முடியாது.

இனி நான் சொல்லப்போவது என் மாணவன் ஒருவனைப் பற்றி. பெயர் சொல்லமாட்டேன். அவனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

போன வருஷம் சாரல் நேரத்தில் வீட்டுக்கு வந்தான். வயது 25. வெளியூரில் கம்ப்யூட்டர் வேலை. தலையில் தொப்பி. காப்பி குடிக்கும்போதும் எடுக்கவில்லை. "ஏல, வீட்டுக்குள்ள என்னல தொப்பி?" என்றேன். மெதுவாக எடுத்தான். முன்நெற்றியில் வரிசையாக முடி இருக்கிறது. அதற்குப் பின்னால் உச்சி வெறிச்சென்று கிடக்கிறது. வரப்பு மட்டும் பச்சை, வயல் தரிசு. பின்தலை எலி கடித்த மாதிரி திட்டுத் திட்டாக இருந்தது.

22 வயதில், நெற்றியின் இரண்டு ஓரமும் லேசாக ஏறியதற்கே போய் முடி நட்டிருக்கிறான். 1,10,000 ரூபாய், தவணையில். முதலில் உட்கார்ந்து பேசியவர் ஒருவர், மேசையில் வேலை செய்தவர் வேறொருவர். பதினாறு வயது நெற்றி மாதிரி கோடு போட்டுக் கொடுத்தார்கள். நட்ட முடி நின்றது. அதற்குப் பின்னால் இருந்த சொந்த முடி, கொட்டவேண்டிய காலத்தில் கொட்டிவிட்டது. இப்போது வேறு டாக்டரிடம் போனால், பின்தலையில் எடுப்பதற்குப் பெரிதாக மிச்சம் இல்லை என்கிறார். அவன் அப்பா லோடு ஆட்டோ ஓட்டுகிறவர்.

"எதுக்குல இவ்வளவு அவசரம்?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "ஆறாங்கிளாஸ்ல நீங்க என்னை ஏறுநெத்தின்னு கூப்பிடுவீங்க சார். கிளாஸே சிரிக்கும். அப்ப இருந்தே கண்ணாடி பாக்கும்போது அதுதான் காதுல கேக்கும்" என்றான்.

எனக்கு ஞாபகமே இல்லை. அவன் ஒரு நாளும் மறக்கவில்லை. அன்றைக்கே அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். இந்தப் பதிவையும் அதனால்தான் எழுதுகிறேன். அந்தப் பதினேழு பேரைக் குறை சொல்லுமுன் என்னைச் சொல்லிக்கொள்ள வேண்டும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பையன்களே, இது ஒரு சாதாரணக் கணக்கு. விளம்பரக்காரன் கூட்டல் என்று சொல்வான். அது கழித்தல்.

நம் தலையில் சுமார் ஒரு லட்சம் முடி. நாளுக்கு 50 முதல் 100 வரை உதிர்வது இயல்பு. ஆண்களுக்கு வருகிற வழுக்கை வேறு விஷயம். டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் உடம்பில் டிஹெச்டி என்ற இன்னொன்றாக மாறுகிறது. பரம்பரையாக வழுக்கை வரும் வாகு உள்ளவர்களுக்கு, முன்தலை, உச்சித்தலை முடிவேர்கள் அதைத் தாங்காமல் வருஷக்கணக்கில் சுருங்கிக்கொண்டே போகும். பின்தலையும் காதோரமும் தாங்கும். அதனால்தான் என் தலையிலும் லாடம் மாதிரி ஒரு வளையம் மிச்சம் இருக்கிறது. சென்னைத் தண்ணீரோ ஹெல்மெட்டோ இதற்குக் காரணம் இல்லை. தாய்மாமனைப் பார்த்தால் தெரியும் என்பதும் பாதிதான் உண்மை. அப்பா வழியிலும் வரும்.

பின்தலை முடியைப் பிடுங்கி முன்னால் நட்டாலும் அது தன் குணத்தை மாற்றாது என்று 1950களில் நியூயார்க்கில் நார்மன் ஓரென்ட்ரைக் என்ற தோல் டாக்டர் காட்டினார். முடி நடுவது முழுக்க இந்த ஒரு உண்மையில்தான் நிற்கிறது. பின்தலையில் ஒரு பட்டையாகத் தோலை வெட்டியெடுத்து வேர்களைப் பிரிப்பது ஒரு முறை. அதில் கோடாகத் தழும்பு விழும். வேர்களை ஒவ்வொன்றாகத் துளையிட்டு எடுப்பது இன்னொரு முறை. அதில் புள்ளி புள்ளியாகத் தழும்பு. தழும்பே இல்லை என்று சொன்னால் பொய்.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு நடவு தெரியும். நாற்றங்காலில் பிடுங்கி வயலில் நடுகிறோம். அடுத்த பூவுக்கு மறுபடி நாற்றுப் பாவிக்கொள்ளலாம். தலையில் அது நடக்காது. பிடுங்கிய இடத்தில் திரும்ப முளைக்காது. ஆயுசுக்கும் ஒரே நாற்றங்கால். வயல் எவ்வளவு தரிசாகப் போகிறது என்று தெரியுமுன்பே 22 வயதில் முன்வரப்பில் எல்லா நாற்றையும் நட்டுவிட்டால், நாற்பது வயதில் நடுவயலுக்கு எதைக் கொண்டு போவாய்? என் மாணவனுக்கு நடந்தது இதுதான். யோக்கியமான டாக்டர் இருபதுகளின் தொடக்கத்தில் வருகிறவனை உடனே மேசையில் ஏற்றமாட்டார். மருந்து கொடுத்து, வருஷக்கணக்கில் பார்த்து, கொட்டுவது நிலைக்கு வந்த பிறகு யோசிக்கலாம் என்பார்.

அப்படியானால் மருந்து? உலகம் முழுக்க ஆண் வழுக்கைக்கு நிரூபிக்கப்பட்டதாகச் சொல்லப்படுவது முக்கியமாக இரண்டு.

ஒன்று மினாக்சிடில். இரத்தக்கொதிப்புக்குக் கொடுத்த மாத்திரை. சாப்பிட்டவர்களுக்கு உடம்பெல்லாம் முடி வளர்ந்ததால் கண்டுபிடித்தார்கள். தலையில் தடவும் மருந்தாக 1988-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. முதல் சில வாரம் முடி இன்னும் அதிகமாகக் கொட்டலாம். பயந்து நிறுத்திவிடுகிறார்கள். பலன் தெரிய நாலு மாதமாவது ஆகும். நிறுத்தினால் வந்தது போய்விடும்.

இரண்டு ஃபினாஸ்டிரைடு. புராஸ்டேட் வீக்கத்துக்கு வந்த மாத்திரை. குறைந்த அளவில் வழுக்கைக்கு 1997-ல் அங்கே அனுமதித்தார்கள். டிஹெச்டி உண்டாவதைக் குறைக்கும். இதையும் விடாமல் சாப்பிட வேண்டும். சிலருக்கு ஆண்மை சம்பந்தப்பட்ட பக்கவிளைவு வரும். சிலருக்கு மனச்சோர்வு வரும். தற்கொலை எண்ணம் வரலாம் என்று ஐரோப்பிய மருந்து முகமை 2025-ல் எச்சரித்திருக்கிறது. கர்ப்பிணிப் பெண்கள் உடைந்த மாத்திரையைத் தொடக்கூடாது. சாப்பிடுகிற காலத்தில் இரத்ததானம் கூடாது. இதையெல்லாம் சொல்லாமல் செல்போன் ஆப்பில் மூன்று கேள்வி கேட்டு வீட்டுக்கு அனுப்புகிறார்களே, அது வைத்தியமா? கூச்சப்படாமல் டாக்டரிடம் நேரில் பேசிவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

நம் இரத்தத்தையே எடுத்துச் சுழற்றித் தலையில் ஊசியாகப் போடுவது ஒன்று இருக்கிறது. பிஆர்பி என்பார்கள். சிலருக்குக் கொஞ்சம் உதவுகிறது, பலருக்குப் பர்ஸ்தான் மெலிகிறது.

எண்ணெயைப் பற்றிச் சொல்லாவிட்டால் குற்றாலத்துக்காரன் இல்லை. சீசனில் அருவிக்கரையில் எண்ணெய் மசாஜ் செய்துகொள்ளுங்கள், சுகமாக இருக்கும். கரிசலாங்கண்ணி எண்ணெய் தேயுங்கள், இருக்கிற முடி பளபளப்பாக இருக்கும். வேர் சுருங்கிப்போன இடத்தில் முளைக்கவைக்காது. திருமாலாக இருந்தவரை அகத்தியர் தலையில் அழுத்திச் சிவனாக்கியதால் குற்றாலநாதருக்குத் தலைவலி, அதனால் தினமும் தைலம் சாத்துகிறார்கள் என்பது நம் ஊர்த் தலபுராணம். அங்கேகூடத் தைலம் தலைவலிக்குத்தான், முடிக்கு இல்லை! 1945-ஆம் ஆண்டு மருந்து விதிகளில் ஜே அட்டவணை என்று ஒன்று இருக்கிறது. இந்த நோய்களைக் குணமாக்குவதாக எந்த மருந்தும் சொல்லிக்கொள்ளக் கூடாது என்ற பட்டியல். அதில் வழுக்கையும் உண்டு. ஆனாலும் முப்பது நாளில் முடி என்று டிவியிலும் செல்போனிலும் கூசாமல் கூவுகிறார்கள்.

எல்லா முடி உதிர்வும் வழுக்கை இல்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். டைபாய்டு, டெங்கு, கொரோனா வந்து இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்துக் கொத்தாகக் கொட்டும். பெரும்பாலும் தானே திரும்பி வரும். காசு வட்டத்தில் போவது புழுவெட்டு, அதற்கு வைத்தியம் வேறு. தைராய்டு, இரத்தசோகையாலும் கொட்டும். எது என்று பார்க்காமலே முடி நட வரச்சொல்கிறவன் டாக்டர் இல்லை, வியாபாரி.

உயிர் போகாது என்று நினைக்கவேண்டாம். 2016 மே மாதம் சென்னையில் 22 வயது மருத்துவ மாணவர் ஒருவர் முடி நடப்போனார். மயக்க மருந்துக்குப் பிறகு உடல் மோசமாகி, வேலூர் வரை கொண்டுபோயும் பிழைக்கவில்லை. அந்த இடத்துக்கு சலூன் நடத்தத்தான் உரிமம் இருந்தது என்று அப்போது செய்தி வந்தது. டாக்டருக்குப் படித்த பிள்ளைக்கே இந்தக் கதி. 2022-ல் தேசிய மருத்துவ ஆணையம், யூடியூப் பார்த்தும் பயிற்சிப் பட்டறையில் உட்கார்ந்தும் கற்றுக்கொண்டு முடி நடக்கூடாது, முறையான பயிற்சி பெற்ற டாக்டர்தான் செய்யவேண்டும் என்று அறிவுறுத்தியது. அப்படி எழுதவேண்டிய நிலைமை வந்தது என்றாலே நாட்டில் என்ன நடக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள்.

"அப்போ நடவே கூடாதா சார்?" என்று கேட்பீர்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. முப்பதைத் தாண்டி, கொட்டுவது ஓய்ந்து, கையில் பணம் சேர்ந்து, விவரம் தெரிந்து செய்துகொண்டு சந்தோஷமாக இருக்கிற மாணவனும் எனக்கு உண்டு. அது அவன் விருப்பம். செய்வதானால் இதைச் செய்யுங்கள்:

1. முதலில் தோல் டாக்டர். தனியாருக்குக் காசு இல்லை என்றால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில் தோல் பிரிவு இருக்கிறது. சீட்டுப் போட்டு வரிசையில் நில்லுங்கள்.

2. துளை போடப்போவது யார் என்று பெயரையும் பதிவு எண்ணையும் கேளுங்கள். மருத்துவக் கவுன்சிலில் சரிபாருங்கள். மருத்துவ நிலையத்தின் பதிவுச் சான்று இருக்கிறதா என்றும் பாருங்கள்.

3. மயக்க ஊசியில் ஏதாவது ஆனால் கவனிக்க அங்கே யார் இருப்பார்கள், என்ன வசதி என்று கேளுங்கள்.

4. பின்தலையில் எத்தனை எடுப்பீர்கள், பிறகு எவ்வளவு மிஞ்சும், நாற்பது வயதில் இந்தத் தலை எப்படி இருக்கும் என்று எழுதிக் கேளுங்கள்.

5. நட்ட முடி முதல் மாதத்தில் உதிரும். மூன்று நாலு மாதத்தில் முளைக்க ஆரம்பிக்கும். முழுசாகத் தெரிய ஒரு வருஷம் ஆகும். அடுத்த முகூர்த்தத்துக்கு முடி என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

6. கடன் வாங்கிச் செய்யாதீர்கள்.

ஒன்றும் செய்யாமல் ஒட்ட வெட்டிக்கொண்டு நிமிர்ந்து நடப்பதும் ஒரு வழிதான். அதற்குத் தவணை இல்லை.

கடைசியாக உறவுகளுக்கு. ஜாதகத்தோடு உச்சந்தலை போட்டோ கேட்ட தரகரை நானே பார்த்தேன். பெண்ணின் நிறத்தைக் கேட்டு அவமானப்படுத்தினோம், இப்போது பையனின் முடி. விசேஷ வீட்டில் பந்தியில் உட்காருமுன்பே "என்னல, முன்னாடி காலியாயிட்டு" என்று கேட்கிறோம். பையன் சிரித்துவிட்டுப் போய், ராத்திரி செல்போனில் தேடுகிறான். அங்கே தவணைக்காரன் காத்திருக்கிறான். அவன் கடைக்கு ஆள் பிடித்துக் கொடுப்பது நாம்தான். கமிஷன்கூட வாங்காமல்!

என் தங்கை மகனோடு நேற்றுப் பேசினேன். விளம்பரத்தில் இருந்த நம்பருக்குப் போன் செய்து பேசிவைத்திருந்தான். இன்னும் பணம் கட்டவில்லை. திங்கட்கிழமை அவனோடு நானும் ஹைகிரவுண்டுக்குப் போகிறேன்.

விளம்பரம் போட்ட அண்ணாச்சியும், சிரித்த பதினேழு பேரும் அவனுக்கு ஒரு போன் போடுங்கள். குழுவில் வேண்டாம், தனியாக. என் பழைய மாணவர்களில் வேறு யாரையாவது நான் அப்படிக் கூப்பிட்டிருந்தால், கூச்சப்படாமல் எனக்கு எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் ஐந்தருவி சார்
தென்காசி