குழாய்ச் சத்தம்

சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் என்றால் அக்கா மகள் மூன்று தரம் கேட்டு வாங்கிச் சாப்பிடுவாள். கை கழுவப் போனதும் குளியலறைக் கதவு தாழிடப்படும். கால் மணி நேரம் குழாய்ச் சத்தம். வெளியே வரும்போது கண் சிவந்திருக்கும். "கேஸ் ட்ரபிள் மாமா" என்பாள். ஓமத் தண்ணீர் கொடுத்தோம், எங்கள் மலையில் உள்ள புதூர்நாட்டில் ஒருவரிடம் மந்திரித்தும் வந்தோம். ஆள் மெலியவில்லை, அதனால் இரண்டு வருடம் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. அவள் தானே வாந்தி எடுப்பதைக் கண்டுபிடித்தவர் பல் டாக்டர். வயிற்று அமிலம் பட்டுப் பட்டு முன்பற்களின் உள்பக்கம் கரைந்திருந்தது.

இந்த நோய்க்கு புலிமியா நெர்வோசா என்று 1979-இல் பெயர் வைத்தவர் லண்டன் மனநல மருத்துவர் ஜெரால்ட் ரஸ்ஸல். அடக்க முடியாமல் தின்பதும், குற்ற உணர்வில் அதை வெளியேற்றுவதும் மாறி மாறி வரும். அடிக்கடி வாந்தி எடுத்தால் ரத்தத்தில் பொட்டாசியம் இறங்கும். இதயத் துடிப்பே தடுமாறும். விஷயம் தெரிந்ததும் இதைத் திமிர் என்று திட்டியதை நினைத்தால் இன்றும் எனக்கு வலிக்கிறது.

மனநல மருத்துவர் எழுதியது ஃபுளுஆக்ஸெட்டின். "தூக்க மாத்திரையா? பழகிடுமே!" என்று அக்கா பதறினாள். இல்லை. மனச்சோர்வுக்குப் பொதுவாக 20 மில்லிகிராம் தரும் மருந்துதான். புலிமியாவுக்கு 60 வரை தேவைப்படும். 1992-இல் வெளியான பெரிய ஆய்விலும் 60 தான் நன்றாகக் கேட்டது. மனச்சோர்வு இல்லாதவர்களுக்கும் இது உதவும். அளவை டாக்டர்தான் ஏற்ற வேண்டும். இளவயதினரை முதல் சில வாரம் கூடவே இருந்து கவனிக்க வேண்டும். சட்டென நிறுத்தக் கூடாது. விழுங்கியதும் வாந்தி எடுத்தால் மருந்தும் போய்விடும். அதனால் அவளுக்குக் காலையில், வயிறு அமைதியாக இருக்கும் நேரத்தில் கொடுத்தோம். புப்ரோபியான் என்ற மாத்திரை மட்டும் இந்த நோய்க்காரர்களுக்கு ஆகவே ஆகாது, வலிப்பு வரலாம். வேறு டாக்டரிடம் போனாலும் நோயை மறைக்காமல் சொல்லுங்கள்.

மாத்திரை பாதிதான். வாராவாரம் உட்கார்ந்து பேசும் சிகிச்சைதான் அவளை நேரத்துக்குச் சாப்பிட வைத்தது.

உங்கள் வீட்டிலும் சாப்பாட்டுக்குப் பின் அந்தக் குழாய்ச் சத்தம் கேட்டால் கதவைத் தட்டித் திட்டாதீர்கள். திருப்பத்தூர் அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரைக் கேட்டுப் போங்கள். மலையிலிருந்து இறங்கி வர முடியாத நாளில் அரசின் மனநல உதவி எண் 14416-க்குப் பேசுங்கள். கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம்.